புத்தளக் கரையில் காற்றின் விலை

உப்பு விளைவிக்க எவரும் விறகு எரிப்பதில்லை. புத்தளத்து உப்பளங்களில் உவர்நீரைப் பாத்திகளிலே தேக்கிவிட்டால் எஞ்சிய வேலையை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. நீர் ஆவியாகிப் போக உப்புப் பூக்கின்றது. உழைப்பாளிகள் வாரிக் குவிக்கின்றனர். சூரிய சக்தி என்ற சொல் நம் பாடப்புத்தகங்களில் ஏறுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே இந்தக் கரை அச்சக்தியைக் கொண்டு கைத்தொழில் நடத்தி வந்திருக்கின்றது.

காசின்றிக் கிடைத்த வெயிலில் விளைந்த அந்த உப்பு மக்களுக்குக் காசின்றிக் கிடைத்ததா? 1766ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கம்பனியார் கண்டி மன்னனுடன் செய்த உடன்படிக்கையைப் பாருங்கள். தீவின் கரையோரம் முழுவதும் கம்பனியின் கைக்குப் போயிற்று. சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்பது கண்டியருக்குக் கிடைத்த சலுகை! தம் நாட்டு வெயிலில் விளைந்த உப்பை அள்ள மலைநாட்டு மக்கள் அந்நிய வணிகரிடம் அனுமதி பெற வேண்டியதாயிற்று. பின் வந்த ஆங்கிலேயர் உப்பை அரசாங்கத்தின் ஏகபோகப் பொருளாக்கி வருமானம் தேடினர். வெயிலுக்கு என்றுமே விலை இருந்ததில்லை. உப்புக்கு இருந்தது; உப்பளம் எவர் கையில் இருந்ததோ அவரே அதனை நிர்ணயித்தனர்.

இப்பழங்கதையை இங்கு எடுப்பதற்குக் காரணம், அதே கரையில் இன்று அதே வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் விளைகின்றது என்பதே. நம் வகுப்பறைகளில் மாணவர் கேட்கும் கேள்வி மிக எளியது: காற்று இலவசமாயின், கற்பிட்டிக் குடாநாட்டில் எதற்காகக் கடல் கடந்து வந்த நிலக்கரி எரிகின்றது? விடை அத்துணை எளியதன்று. அது ஒரு சரித்திரம்.

காற்றிலிருந்து தொடங்குவோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இக்கரையில் சோழகம் வீசுகின்றது. மார்கழியை ஒட்டி வாடை வீசுகின்றது. 1344இல் இபின் பதூதா இந்தக் கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு சென்றதும் பாய்மரக் கப்பலில்தான். அக்கப்பலுக்குக் காற்றே எரிபொருள். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் மற்றொன்றையும் மாணவருக்குக் காட்டலாம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகின்றது. ஆகவே ஆண்டு முழுவதும் மெல்ல வீசும் காற்றைவிட, சில மாதங்கள் ஓங்கி வீசும் சோழகமே காற்றாலைக்குப் பெருஞ்செல்வம்.

அதே சோழகம் நிலக்கரிக்குப் பகை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் கரைக்கு வர இயலாது. ஆழ்கடலில் நின்று நிலக்கரியைத் தட்டைப் படகுகளில் இறக்க, அவை நீண்ட இறங்குதுறைக்குக் கொண்டுவருகின்றன. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது நடவாது. ஏறத்தாழப் புரட்டாதியிலிருந்து சித்திரை வரையில் ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நிலக்கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டும். எந்தக் காற்று நிலக்கரிக் கப்பலை விலக்கி நிறுத்துகின்றதோ அந்தக் காற்றே, அதே கரையில், சில கட்டை தூரத்தில், மாம்புரியில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. இயற்கை இதைவிடத் தெளிவாக எப்படித்தான் பேசும்?

எனினும் நிலக்கரியைத் தேர்ந்தவர்கள் மூடர்கள் என்று சொல்லிவிட்டால் சரித்திரத்துக்கு நியாயம் செய்ததாகாது. இலங்கையின் மின்சாரம் நீரிலிருந்து பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே, நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுப்பதன் பொருளாதாரத்தை விளக்கி இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் ஓர் ஆய்வுரையை முன்வைத்தார். காலனி ஆட்சி அதனை ஏற்றுச் செயற்படுத்தவில்லை. தொடங்கிய வேலையும் இடையிலே நின்றது. லக்சபான நிலையம் இயங்கியது 1950இல். அளவு 25 மெகாவாட். எழுதப்பட்ட கணக்குக்கும் எரிந்த விளக்குக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! மலிவான சக்தி எது என்பதை அறிவதற்கும் அதனைப் பெறுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஒரு கதையே காட்டும்.

நீர்மின்சாரம் மலிவானது. ஆனால் மழை பொய்த்தால் அதுவும் பொய்க்கும். 1996இல் வரட்சி வந்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு மணிக்கணக்கில் இருளில் கிடந்தது. அதன்பின் தனியார் டீசல் நிலையங்கள் வந்தன. அவர்களோடு செய்த ஒப்பந்தங்களின் விதம் கவனிக்கத்தக்கது: இயந்திரம் நின்றாலும் ஓடினாலும் அதற்கொரு கட்டணம், எரிபொருளின் விலை தனி. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் ஏற்றம் முழுவதும் மின்சார சபையின் தலையில் விழும். சபையின் தலையில் விழுந்தது ஈற்றில் திறைசேரியின் தலையிலோ மின்பட்டியலிலோ வந்து சேரும். இந்த டீசலோடு ஒப்பிட்டபோது நிலக்கரி மலிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. அது உண்மையில் மலிவே, சாம்பலுக்கும் சுவாசத்துக்கும் அந்நியச் செலாவணிக்கும் விலை குறிக்காத கணக்கில்.

நுரைச்சோலையில் நிலக்கரி நிலையம் வரும் என்ற செய்தி 1990களில் பரவியபோது குடாநாட்டு மக்கள் எதிர்த்தனர். மீனவரும், மணலில் கிணறு தோண்டி வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் தோட்டக்காரரும், அண்மையில் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தைக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபையும் அவ்வெதிர்ப்பில் நின்றனர். திட்டம் ஒத்திப்போடப்பட்டது, கைவிடப்பட்டது, மீண்டும் உயிர்பெற்றது. 2006 மே மாதம் வேலை தொடங்கிற்று. முதற் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி 455 மில்லியன் டொலர் கடன் வழங்கியது. கட்டியதும் சீன நிறுவனமே. முதல் 300 மெகாவாட் 2011 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்டது. 2014இல் மற்ற இரண்டும் சேர, நிலையம் 900 மெகாவாட் ஆயிற்று. பல ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்தே வந்தது. அதற்கு ஆண்டுதோறும் 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி வேண்டியிருந்தது. சோழகத்தில் நிலக்கரித் தூசும் சாம்பலும் எழுந்து நரக்கள்ளி, இலந்தையடி முதலிய கிராமங்களின் தோட்டங்களிலும் வீடுகளிலும் படிவதாக மக்கள் பலமுறை முறையிட்டனர். அந்தத் தூசுக்கு மின்பட்டியலில் ஒரு வரி கிடையாது.

நிலையத்தின் முதற் பகுதி எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் மாம்புரியில் காற்றாலைகளும் எழுந்தன. 2010இல் அங்கே 10 மெகாவாட். அதைத் தொடர்ந்து களப்போரத்திலும் நிர்மலபுரவிலும் மேலும் சில; ஒவ்வொன்றும் ஏறத்தாழ அதே 10 மெகாவாட். ஏன் எல்லாம் பத்து? சிறு உற்பத்தியாளருக்கான நிலையான ஒப்பந்தம் 10 மெகாவாட் வரையே செல்லும் என்று விதி இருந்தது. ஒருபுறம் ஒரே இடத்தில் 900 மெகாவாட்டுக்கு அரசாங்கமே பிணை நின்று கடன் வாங்கிக் கொடுக்கின்றது. மறுபுறம் காற்றைப் பத்துப் பத்தாக அறுத்து வைக்கின்றது. பெரிய அளவில் செய்தால் மலியும் ஒரு பொருளைச் சிறிய அளவில் செய்யவைத்துவிட்டு, அது விலை கூடியது என்று பிறகு எடுத்துரைப்பது நல்ல வாதமாகாது.

விலை வகுத்த முறையிலும் ஒரு விசித்திரம் இருந்தது. தொடக்கத்தில், அதாவது 1990களின் பிற்பகுதியில், சிறு நீர்மின் நிலையங்களிடம் வாங்கும் அலகுக்கு விலை ‘தவிர்க்கப்பட்ட செலவு’ என்ற கணக்கில் கொடுக்கப்பட்டது. அந்த அலகு வராவிட்டால் எவ்வளவு எண்ணெய் எரித்திருப்போமோ அந்த எண்ணெயின் செலவே விலை. எண்ணெய் விலை விழுந்தால் நீரின் விலையும் விழும், ஏறினால் ஏறும். அருவிக்கும் அரேபியக் கிணற்றுக்கும் என்ன உறவு? இந்தக் கணக்கில் காற்றாலை எழும்ப வழியே இருக்கவில்லை. 1999இல் அம்பாந்தோட்டையில் மின்சார சபை நிறுவிய 3 மெகாவாட் பரிசோதனை நிலையம் நீண்டகாலம் தனித்தே நின்றது. ஒவ்வொரு சக்திக்கும் அதனதன் உற்பத்திச் செலவைக் கணித்து இருபது ஆண்டுகளுக்கு விலை உறுதி செய்யும் முறை 2007ஐ அடுத்து வந்த பின்னரே மாம்புரிக்குக் காற்றாலை வந்தது. காற்று மாறவில்லை, கணக்கு மாறிற்று.

இங்கே நாம் சிறிது கடல் கடக்க வேண்டும். மாம்புரியில் நின்ற இயந்திரம் மலிந்த கதை இந்தக் கரையில் நடந்ததன்று.

டென்மார்க்கில் ஆஸ்கோவ் என்னும் ஊரில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கான மக்கள் கல்லூரியில் பவுல் ல குர் என்றோர் ஆசிரியர் இருந்தார். 1891இல் அவர் காற்றாலை ஒன்றினால் மின்சாரம் உண்டாக்கினார். காற்று நின்றுவிட்டால் என் செய்வது என்ற கேள்வி அன்றே எழுந்தது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஐதரசனாக்கிச் சேமித்து, அதைக் கொண்டு பல ஆண்டுகள் பள்ளி விளக்குகளை எரித்தார். கிராமத்து வாலிபர்களுக்கு மின்வேலை கற்பித்தார். அவரிடம் கற்ற யோகான்னஸ் யூல் 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவினார். பத்தாண்டுகள் இயங்கி அது நிறுத்தப்பட்டது, ஏனெனில் எண்ணெய் மலிவாக இருந்தது. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் உலகம் அதனைத் தேடிச் சென்று ஆராய்ந்தது. ஆசிரியர்கள் படிக்கும் இந்த ஏட்டில் இதைச் சற்று விரித்து எழுதியதை வாசகர் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகின்றேன்.

ஒரு பொருளை எத்துணை அதிகம் செய்கிறோமோ அத்துணை மலிவாகச் செய்யக் கற்கிறோம் என்பதை 1936இல் அமெரிக்க விமானப் பொறியியலாளர் ரைட் கணக்கிட்டுக் காட்டினார். சூரியத் தகடுகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். உலகில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் விலை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்து வந்திருக்கின்றது. 1970களின் நடுவில் ஒரு வாட்டுக்கு, இன்றைய மதிப்பில், 100 டொலர் அளவில் இருந்த தகடு 2024இல் சுமார் 10 சதத்துக்கு வந்துவிட்டது. ஆனால் விற்பனையாகாத பொருளை எவர் ‘அதிகம்’ செய்வர்? விலை கூடியிருந்தபோதே வாங்கியவர் எவர்? 1990இலும் 2000இலும் ஜெர்மனி இயற்றிய சட்டங்கள் காற்றுக்கும் வெயிலுக்கும் உறுதியான விலை கொடுத்தன. அந்த மேலதிகச் செலவை ஜெர்மன் குடும்பங்கள் தம் மின்பட்டியலில் செலுத்தின. பின்னர் சீனத்துத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கான தொழிலாளர் உற்பத்தியைப் பெருக்கினர். சந்தை தானாக மலிவைக் கண்டுபிடித்தது என்போர் இந்த ரசீதுகளை எண்ணிப் பார்க்கட்டும். 2010இல் உலகச் சராசரியில் ஓர் அலகுக்கு 46 அமெரிக்கச் சதமாயிருந்த சூரிய மின்சாரம் 2023இல் 4.4 சதமாயிற்று, நிலத்துக் காற்றாலை மின்சாரம் 11.1 சதத்திலிருந்து 3.3க்கு வந்தது என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகம் கணித்தது.

கற்பிட்டிக்கு எதிர்க்கரையில் என்ன நடந்தது? தூத்துக்குடி அருகே 1986இலேயே இந்திய அரசு மாதிரிக் காற்றாலைகளை நிறுவியது. அதன்பின் ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் காற்றாலைக் காடாயின. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய நிலையம் எழுந்தது. அதற்கு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலை அலகுக்கு 7.01 இந்திய ரூபா. அடுத்த ஆண்டு மே மாதம் இராஜஸ்தானத்துப் பட்லாவில் போட்டி ஏலத்தில் கேட்கப்பட்ட விலை 2.44 ரூபா. வெயில் அங்கே கூடுதலாயிருக்கலாம். தகடும் இடையில் மலிந்திருந்தது. ஆயினும் இவ்வளவு வித்தியாசத்தை வெயிலால் மட்டும் விளக்க முடியாது. வகுத்துக் கொடுக்கும் விலை ஒன்று. போட்டியில் பிறக்கும் விலை வேறு.

நம் கரைக்குத் திரும்பினால் 2022 நம்மை எதிர்கொள்கின்றது. அவ்வாண்டு உலகச் சந்தையில் நிலக்கரி ஒரு தொன் 400 டொலரையும் கடந்தது. நம்மிடம் டொலர் இல்லை. மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஆகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியதும் அந்த ஆகஸ்டில்தான். கற்பிட்டி மீனவனுக்கு இதன் பொருள் என்ன? அவன் பாட்டன் பாய் விரித்துக் காற்றில் போனான். இவன் வள்ளத்தில் மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டியிருந்தான். தலைக்கு மேலே காற்று வீச, எண்ணெய் வாங்க வழியின்றி வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்தவர் பலர்.

‘மலிவான’ நிலக்கரியின் உண்மை விலை அவ்வாண்டில் வெளிப்பட்டது. காற்றாலைக்கும் டொலர் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் இயந்திரம் வாங்கும் ஒரு தடவை மட்டுமே வேண்டும். நிலக்கரிக்கோ ஒவ்வொரு கப்பலுக்கும் வேண்டும், நிலையம் உயிரோடிருக்கும் நாள்வரை வேண்டும்.

இதற்குள் மன்னாரில் காற்றின் இரண்டாம் அத்தியாயம் தொடங்கியிருந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை தன் சொந்த உடைமையாக முப்பது காற்றாலைகளை நாட்டியது. ‘தம்பபவனி’ எனப் பெயர் பெற்ற அந்த நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பத்துப் பத்தாக அறுக்கும் பழக்கம் அங்கே முறிந்தது. பொதுமக்களுக்குச் சொந்தமாயும் பெரிய அளவிலும் காற்றாலை நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் 2022 ஜூன் மாதம் மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டுப் போட்டிக் கேள்விப்பத்திரம் கட்டாயம் என்ற நிபந்தனை அகற்றப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைத் திட்டம் கேள்விப்பத்திரமின்றி அதானி நிறுவனத்துக்கென வகுக்கப்பட்டது. 2024 மே மாதம் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைக்கு அமைச்சரவை அனுமதி அளித்தது. ஆட்சி மாறியது, புதிய அரசாங்கம் விலையைக் குறைக்கக் கேட்டது, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டில், போட்டிக் கேள்விப்பத்திரத்தின் வழியாக, அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்கு உள்நாட்டு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமாயிற்று. விலை 4.65 சதம்.

இரு திட்டங்களும் அளவிலும் காலத்திலும் வேறுபட்டவை என்று வாதிப்பர். இருக்கட்டும். 484 மெகாவாட் ஆண்டுக்கு 150 கோடி அலகு தரும் என்று வைத்துக்கொண்டு, இரு விலைகளுக்கும் இடையிலுள்ள 3.61 சதத்தால் பெருக்கிப் பாருங்கள்: ஆண்டொன்றுக்கு ஐந்து கோடி டொலருக்கு மேல். இருபது ஆண்டுகளுக்கு நூறு கோடிக்கு மேல். காற்று ஒன்றே, கடல் ஒன்றே. உலகத்துத் தொழிலாளரும் பொறியியலாளரும் நுகர்வோரும் சேர்ந்து சம்பாதித்த மலிவு எவர் பையில் விழும் என்பதே இங்குள்ள வழக்கு.

மலிவு மின்பட்டியலுக்கு வந்தாலும் வழக்கு முடிவதில்லை. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். வெள்ளநீர் வடிய வழியில்லை என்றனர். வலசை வரும் பறவைகளைப் பற்றிப் பேசினர். தம்மைக் கேளாமல் தம் தீவில் கோபுரம் நாட்டுவதைக் கேள்வி கேட்டனர். இவர்களைப் பிற்போக்கானவர் என்று முற்போக்காளரே ஏசக் கேட்டிருக்கிறேன். நுரைச்சோலைத் தோட்டக்காரனின் மூச்சுக்கு விலையிடாத கணக்கைக் கண்டிப்போர், மன்னார் மீனவனின் நிலத்துக்கு விலையிடாத கணக்கை எவ்வாறு ஆதரிக்கலாம்?

வேறிரு தடைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது வட்டி. காற்றாலையின் செலவில் பெரும்பங்கு முதல் நாளிலேயே செலவாகிவிடுகின்றது. ஆகவே கடனின் வட்டியே அலகின் விலையைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. 2023 மார்ச்சில் நம் மத்திய வங்கியின் கடன் வழங்கும் வீதம் 16.5 சதவீதமாயிருந்தது. ஐரோப்பாவில் மூன்று நான்கு வீதத்துக்குப் பணம் புரட்டுகிறவன் நாட்டும் கோபுரமும், இந்த வீதத்தில் நாம் நாட்டும் கோபுரமும் ஒரே ஆலையிலிருந்து வந்தாலும் ஒரே விலைக்கு மின்சாரம் தருவதில்லை. ஏழை நாட்டுக்குக் காற்றுக்கூட விலை கூடியதாவது இவ்வழியாலேதான்.

இரண்டாவது, மின்வலையமைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. பத்திரிகைகள் குரங்கைப் பற்றி எழுதிச் சிரித்தன. தேவை குறைந்த விடுமுறைப் பகலில் கூரைச் சூரிய மின்சாரம் நிறைந்திருந்ததும், அதிர்ச்சியைத் தாங்கும் சுழல் இயந்திரங்கள் குறைந்திருந்ததும் பேசப்பட வேண்டியவை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த இரு நாட்களும் மின்வெட்டு. ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உடைமையாளரிடம் கேட்கப்பட்டது. பகலில் மிகுந்து இரவில் இல்லாதது எப்படிப் பயன்படும்? ஆஸ்கோவ் ஆசிரியர் 1891இல் சந்தித்த அதே கேள்வி. அவருக்கு ஐதரசன் கிடைத்தது. நமக்கு மின்கலம் இருக்கின்றது. 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு 1000 டொலருக்கு மேலிருந்த லித்தியம் மின்கலம் 2024இல் 115 டொலருக்கு இறங்கிவிட்டது. அதுவும் தகட்டின் வழியிலேயே செல்கின்றது. பாலாவியிலும் நுரைச்சோலையிலும் மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றும் வீடுகளுக்கு நிலக்கரியின்றி ஒளி தருவது பௌதிக விதிகளுக்கு முரணான கனவு என்று இனி எவரும் சொல்ல முடியாது. அது முதலீட்டையும் முன்யோசனையையும் பற்றிய விவகாரம்.

மாம்புரியில் முதல் காற்றாலைகள் சுழலத் தொடங்கியது 2010இல் என்றோம். ஒப்பந்தக் காலம் இருபது ஆண்டு. 2030ஐ ஒட்டி அது முடியும்போது கோபுரத்தின் விலையும் கடனின் வட்டியும் நாம் செலுத்திய கட்டணத்துக்குள் அடங்கிப் போயிருக்கும். நிலம் இருக்கும், கம்பி இருக்கும், சோழகம் வழக்கம்போல் வீசும். அந்த மின்சாரத்துக்கு அடுத்த விலை எந்த மேசையில், எவரெவர் முன்னிலையில் எழுதப்படப் போகின்றது என்பதைப் புத்தளத்து ஆசிரியர் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இப்போதே கேட்கத் தொடங்கலாம். 1766இல் உப்புக்கு விலை பேசியபோது அவர்கள் அழைக்கப்படவில்லை.